படையெடுப்பாளரும் பாழ்நகரங்களும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் தொல்பொருட் சான்றுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கி.பி. 13ஆம் நூற்றாண்டு ஆசியாவின் பெருநகரங்கள் பலவற்றுக்கு முடிவுரை எழுதிய நூற்றாண்டாகவே வரலாற்று நூல்களிற் சித்திரிக்கப்பட்டு வந்துள்ளது. 1220இல் சமர்க்கந்தும், 1221இல் மேர்வ் நகரும், 1258இல் பக்தாத்தும் மொங்கோலியப் படைகளிடம் வீழ்ந்தன. அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், 1215இல், கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். இவ்விரு நிகழ்ச்சிகளுக்குமிடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் அவை எழுதப்பட்ட முறையில் வியக்கத்தக்க ஒற்றுமை காணப்படுகின்றது. செழித்து விளங்கிய நகரம், வெளியிலிருந்து வந்த கொடியோன், உடைக்கப்பட்ட அணை, காடு மூடிய நிலம். பாரசீக வரலாற்றாசிரியரும் பாளி மொழியில் எழுதிய பௌத்த துறவியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கதையமைப்பைக் கையாண்டுள்ளனர்.

இக்கதையமைப்பு மொங்கோலியர் தொடர்பாகப் பெருமளவு தொல்பொருட் சோதனைக்கு உட்படுத்தப்பட்டுவிட்டது. இலங்கையில், சிறப்பாகத் திருகோணமலைத் துறைமுகத்தையும் அதன் பின்னிலமான கந்தளாய், தம்பலகாமம், கொட்டியாரம், பெரியகுளம் ஆகிய பகுதிகளையும் பொறுத்தவரை, அது இன்னும் சோதிக்கப்படாத நம்பிக்கையாகவே நிலைத்துள்ளது. அந்நம்பிக்கை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. யாருடைய மூதாதையர் அழித்தனர், யாருடைய மூதாதையர் கட்டினர் என்னும் வினாவின் பெயரால் இன்று நிலம் உரிமை கோரப்படுகின்றது. எனவே, படையெடுப்பு என்பது ஒரு விளக்கமாகுமா, அன்றி விளக்கப்பட வேண்டிய ஒன்றா என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. ஏடும் அகழ்வும்: மொங்கோலியர் கால நகரங்கள் தரும் பாடம்

மேர்வ் நகரின் வீழ்ச்சியை விவரிக்கும் ஜுவைனி, கொல்லப்பட்டோர் தொகையை 13 இலட்சத்துக்கும் மேலெனக் கூறுகின்றார். இப்னு அல் அதீர் அதனை 7 இலட்சம் என்பார். நகரின் சுவர்கள் இன்றும் காணக்கூடியனவாக உள்ளன. புறநகர்ப் பகுதிகளையும் சேர்த்து, சுல்தான் கலா எனப்படும் இடைக்கால நகரின் பரப்பு ஏறத்தாழ 630 ஹெக்டேயர் ஆகும். ஜுவைனியின் கணக்கு உண்மையாயின் ஒரு ஹெக்டேயரில் இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்திருத்தல் வேண்டும். சூழவுள்ள ஊர்களிலிருந்து அடைக்கலம் புகுந்தோரைச் சேர்த்துக்கொண்டாலும் இத்தொகை ஏற்புடையதாகாது. படுகொலை நிகழவில்லை என்பது இதன் பொருளன்று. எண் என்பது அளவைக் குறிக்கவன்றி அச்சத்தைக் குறிக்கவே இத்தகைய நூல்களிற் கையாளப்பட்டது என்பதே பொருளாகும். ஜுவைனி மொங்கோலிய ஆட்சியின் கீழ்ப் பக்தாத்தில் அதிகாரியாகப் பணியாற்றியவர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. வென்றவனின் ஆற்றலைப் பெருக்கிக் காட்டுதலும், வீழ்ந்தவரின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையாக அழிவைக் காட்டுதலும் அவரது எழுத்தில் ஒருங்கே இடம்பெறுகின்றன.

ஈராக்கின் நிலை இன்னும் தெளிவானது. மெசப்பொத்தேமியாவின் நீர்ப்பாசனத்தை அழித்தவர் மொங்கோலியரே என்பது நெடுங்காலமாகப் பாடநூற் கருத்தாக இருந்தது. 1957–58இல் தியாலா ஆற்றுப் பகுதியைக் கள ஆய்வு செய்த றொபேட் மக்கோமிக் அடம்ஸ், 1965இல் வெளியிட்ட தமது நூலில் அக்கருத்தை அடியோடு மாற்றினார். பழங்குடியிருப்பு மேடுகளிற் சிதறிக் கிடந்த மட்பாண்ட ஓடுகளைக் கொண்டு அவற்றின் காலத்தைக் கணித்தபோது, நஹ்ரவான் பெருங்கால்வாயை நம்பியிருந்த ஊர்களிற் பெரும்பாலானவை 1258க்கு முன்னரே கைவிடப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. வண்டல் தேங்கியமை, மத்திய அரசின் வலுவிழப்பு, வரிச்சுமை, உள்நாட்டுப் போர் என்பன ஒன்றையொன்று வளர்த்தன. 937இல் அக்கால்வாயை வெட்டித் திறந்தவன் அந்நியன் அல்லன். தன் எதிரியின் படையைத் தடுக்க விரும்பிய பக்தாத் ஆட்சியின் தளபதி இப்னு ராயிக் என்பவனே. மொங்கோலியர் வந்தபோது அந்நீர்ப்பாசன அமைப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே செயலிழந்திருந்தது.

ஆயினும் இதிலிருந்து படையெடுப்புகள் தீங்கற்றவை என முடிவுகொள்வது மறுதலைத் தவறாகும். 1237இல் வீழ்ந்த பழைய றியாசான் நகரில், எரிந்த மண்படையையும் பெருந்தொகையானோர் ஒருங்கே புதைக்கப்பட்ட குழிகளையும் சோவியத் அகழ்வாளர் கண்டனர். அந்நகர் மீண்டும் தன் பழைய நிலையை அடையவில்லை. தலைநகரே வேறிடத்துக்கு மாறியது. சமர்க்கந்தில் அப்ராசியாப் மேடு கைவிடப்பட்டது. நகர் அதன் தெற்கே புதிதாக எழுந்தது. மேர்வ் நகருக்கு நீர் தந்த முர்காப் அணை 1221இல் அழிக்கப்பட்டு, 1409இல் ஷா ருக் காலத்திலேயே மீளக் கட்டப்பட்டது. மறுபுறம், முற்றாக அழிந்ததாகக் கூறப்பட்ட ஒத்ரார் நகரில் 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நாணய அச்சிடலும் நகர வாழ்வும் மீளத் தொடங்கியமை கசாக்கிய அகழ்வுகளால் அறியப்பட்டுள்ளது.

இவ்வாறு, ஒரே படை, ஒரே தலைமுறை, ஆயின் வெவ்வேறு விளைவுகள். ஒரு நகர் அழிந்தது, ஒன்று இடம்பெயர்ந்தது, ஒன்று மீண்டது, வேறொன்று முன்னரே நலிந்திருந்தது. இதனின்று நாம் பெறும் முறையியல் விதி எளியது: படையெடுப்பு நிகழ்ந்தது என்பதை ஏடு சொல்லலாம், அதன் விளைவை அந்தந்த இடத்தின் மண்ணே சொல்ல வேண்டும்.

2. இராசரட்டையின் வீழ்ச்சி பற்றிய விவாதம்

இலங்கையில் இவ்விதிக்கு மாறாக நிற்பது சூளவம்சத்தின் மாகன் பற்றிய பகுதியாகும். அது 24,000 வீரருடன் வந்த மாகன் தூபிகளை உடைத்ததையும், நூல்களைச் சிதைத்ததையும், விகாரைகளைப் படைவீடுகளாக்கியதையும், வயல்களையும் வீடுகளையும் தன் கேரள வீரருக்கு வழங்கியதையும் விரித்துரைக்கின்றது. இப்பகுதி நிகழ்ச்சிகளுக்கு ஒரு நூற்றாண்டளவு பிற்பட்டு, தென்மேற்கில் நிலைபெற்றுவிட்ட அரசுகளின் சார்பில் எழுதப்பட்டதென ஆய்வாளர் கொள்வர். வடக்கை விட்டுச் சென்றதற்கு ஒரு காரணம் கூற வேண்டிய தேவை அவ்வரசுகளுக்கு இருந்தது என்பது வெளிப்படை.

1950களின் பின் இவ்விளக்கத்தை ஆய்வுலகம் கேள்விக்குட்படுத்தியது. 1957இல் றோட்ஸ் மேர்பி இலங்கையின் பண்டை நாகரிகச் சிதைவு பற்றி எழுதிய கட்டுரையும், 1959இல் எட்மண்ட் லீச் நீர்ப்பாசனச் சமுதாயம் பற்றி எழுதியதும், 1971இல் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன அதற்கு அளித்த நுணுக்கமான மறுவிளக்கமும் இவ்வரிசையில் முக்கியமானவை. பாசன அமைப்பை நடத்திய உயர்குடியினர் மறைந்தமையே வீழ்ச்சிக்குக் காரணம் எனச் செனரத் பரணவிதான கருதினார். மலேரியாவைக் காரணமாகக் காட்டியோரும் உளர். இவ்விவாதங்களைத் தொகுத்து, 1971இல் பேராதனையில் கா. இந்திரபாலா பதிப்பித்த கருத்தரங்கத் தொகுதி இத்துறையில் ஒரு மைல்கல்லாகும். ஒற்றைக் காரணத்தைக் கைவிட்டு, அரசியல், பொருளாதாரம், நோய், வாணிகம் ஆகியவற்றை ஒருசேர நோக்க வேண்டும் என்னும் நிலைப்பாட்டை அத்தொகுதி வலுப்படுத்தியது.

இவ்விவாதத்தின் சிறப்பை ஏற்கும் அதேவேளை, அதன் குறைபாடொன்றையும் சுட்டவேண்டும். அது பெரும்பாலும் ஏடுகளைக் கொண்டு ஏடுகளை மறுத்த விவாதமாகவே அமைந்தது. அடம்ஸ் தியாலாவிற் செய்தது போன்ற, ஊர் ஊராகச் சென்று ஓடுகளைப் பொறுக்கிக் காலங்கணிக்கும் ஆய்வு அன்று அதன் அடிப்படையாக இருக்கவில்லை. அநுராதபுரத்தின் பின்னிலத்தில் 2005ஆம் ஆண்டு முதல் றொபின் கொனிங்ஹாம், பிரிசாந்த குணவர்த்தன ஆகியோர் நடத்திய கள ஆய்வே அத்தகைய முறையைப் பெருமளவிற் கையாண்டது. குளக்கட்டுகளின் பின்னே தேங்கிய வண்டலின் காலத்தை ஒளியுமிழ்வு முறையாற் கணிக்கும் வழியும் அங்கு பயன்படுத்தப்பட்டது. மற்றொரு குறைபாடும் உண்டு. விவாதத்தின் மையம் எப்போதும் அநுராதபுரமும் பொலன்னறுவையுமாகவே இருந்தது. அப்பெருநகரங்களின் கடல்வாயிலாக விளங்கிய கோகர்ணம், அதாவது திருகோணமலை, ஓர் அடிக்குறிப்பாகவே நடத்தப்பட்டது. தலைநகரின் கண்ணால் மட்டும் பார்ப்பின் வீழ்ச்சியே தென்படும். துறைமுகத்தின் கண்ணாற் பார்ப்பின் என்ன தென்படும் என்பதே எமது அடுத்த வினா.

3. திருகோணமலைப் பின்னிலம்: மூன்று நூற்றாண்டுச் சான்றுகள்

திருகோணமலைப் பகுதி மாகனுக்கு முன்னரும் படையெடுப்பைக் கண்டது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சோழர் இராசரட்டையை வென்றனர். சோழர் விகாரைகளைக் கொள்ளையிட்டனர் எனச் சூளவம்சம் கூறும். தலைநகரில் அவ்வாறு நிகழ்ந்திருத்தல் கூடும். ஆனால் திருகோணமலைக்கு வடமேற்கே, பெரியகுளத்தருகே, வெல்கம் விகாரை வேறொரு செய்தியைத் தருகின்றது. 1929இலும் 1953இலும் தொல்பொருளியல் திணைக்களம் அங்கு மேற்கொண்ட பணிகளில், முதலாம் இராசராசன், இராசேந்திரன் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் பல வெளிப்பட்டன. அவற்றில் அவ்விகாரை இராசராசப் பெரும்பள்ளி எனப்படுகின்றது. தமிழர் அப்பௌத்தப் பள்ளிக்கு விளக்குகளும் கால்நடைகளும் தானமாக வழங்கினர். பிற்காலத்தில் அவ்விடத்தைச் சூழ வாழ்ந்த தமிழ் மக்கள் அதனை நாதனார் கோயில் என அழைத்தனர். வென்ற அரசனின் பெயரைப் பெற்ற ஒரு பௌத்தப் பள்ளியைப் படையெடுப்பாளன், பாதிக்கப்பட்டவன் என்னும் இரட்டைப் பெட்டிக்குள் எவ்வாறு அடைப்பது?

கந்தளாயின் சான்றுகள் இன்னும் கருத்தூன்றத் தக்கவை. சோழர் காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் எனப்பட்ட பிராமணக் குடியிருப்பும், அதன் பெருங்குறிச் சபையும் அங்கு செயற்பட்டமையைச் சோழ இலங்கேஸ்வர தேவர் காலத்துச் சாசனம் உணர்த்துகின்றது. திருகோணமலைப் பகுதியின் இத்தகைய சாசனங்களைத் தேடிப் பதிப்பித்த பெருமை 1970களில் உழைத்த செ. குணசிங்கத்துக்கு உரியது. 1070இல் முதலாம் விசயபாகு சோழராட்சியை முடிவுறுத்தினான். படையெடுப்புக் கதையின் தருக்கப்படி, அத்துடன் சோழர் நிறுவியவை யாவும் மறைந்திருத்தல் வேண்டும். ஆனால் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாலமோட்டைச் சாசனம், கந்தளாயின் பிராமணக் குடியிருப்பு விசயராசச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடன் தொடர்ந்தமையைக் காட்டுகின்றது. தென்கயிலாசமாகிய விசயராச ஈஸ்வரம் என்னும் சிவன் கோயிலுக்கு, நங்கைசானி என்னும் பிராமணக் கைம்பெண் தன் கணவனின் நினைவாக அறம் வழங்கினாள். அவ்வறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. மங்கலத்தின் முன்னொட்டிலிருந்து இராசராசன் நீங்கி விசயராசன் வந்தான்; ஊர் நின்றது, கோயில் நின்றது, குளத்து நீர் பாய்ந்தது.

இனி மாகன் காலத்துக்கு வருவோம். அவனது படைகள் நிலைகொண்டிருந்த இடங்களைச் சூளவம்சமே வரிசைப்படுத்துகின்றது. அவ்வரிசையில் பொலன்னறுவையை அடுத்துக் கொட்டியாரமும் கந்தளாயும் வருகின்றன. பதவியா, குருந்தி, மாதோட்டம், மன்னார், வலிகாமம், ஊர்காவற்றுறை முதலியன தொடர்கின்றன. அதாவது, அவன் படை நிறுத்திய இடங்கள் பெருங்குளங்களும் துறைமுகங்களுமாகும். குளத்தருகே படைவீடு அமைப்பவன் அக்குளத்தின் நெல்லை உண்ண விரும்புபவன். துறைமுகத்தைக் காப்பவன் அதன் சுங்கத்தை நாடுபவன். கொள்ளையிட்டுத் திரும்பும் படையின் போக்கு இதுவன்று. நிலத்தின் உபரியைக் கைமாற்றிக்கொள்ளும் புதிய ஆளும் கூட்டத்தின் போக்கு ஆகும். வயல்கள் கேரள வீரருக்கு வழங்கப்பட்டன எனச் சூளவம்சம் புலம்புவதன் பொருளும் இதுவே. அழிக்கப்பட்ட வயலை எவரும் பரிசாகப் பெறார்.

இக்காலத்துக்குரிய தலையாய சான்று திருகோணமலைக் கோட்டையினுள்ளே கிடைத்தது. கதவு நிலையொன்றிற் பொறிக்கப்பட்ட, சிதைந்த சமஸ்கிருதச் சாசனம் அது. சக வருடம் 1145, அதாவது கி.பி. 1223, எனக் காலம் குறிக்கும் அச்சாசனம் சோடகங்கன் என்பவனையும் கோகர்ணத்தையும் சுட்டுகின்றது. மேர்வ் வீழ்ந்து இரண்டாண்டுகள், பொலன்னறுவை வீழ்ந்து எட்டாண்டுகள் கழிந்த நிலையில், திருகோணமலையிற் கற்றச்சன் உளியுடன் பணியில் இருந்தான். கோயிற்றிருப்பணி செய்தவனாக மரபு போற்றும் குளக்கோட்டனை இச்சோடகங்கனுடன் இணைத்துக் காண்போர் உளர். அவ்விணைப்பு ஏற்கப்படினும் ஏற்கப்படாவிடினும், 1223இல் இத்துறைமுகம் பாழ்நிலமாக இருக்கவில்லை என்பது உறுதி.

அந்நூற்றாண்டு முழுவதும் திருகோணமலையின் முக்கியத்துவம் குறையவில்லை. 1247இலும் பின்னர் 1262ஐ ஒட்டியும் சாவகனான சந்திரபானு இலங்கை மீது படையெடுத்தான். அதன் தொடர்ச்சியாக இலங்கை வந்த சடாவர்மன் வீரபாண்டியன், கோணமலையிலும் திரிகூடகிரியிலும் கயற்சின்னம் பொறித்ததாகத் தனது குடுமியான்மலைச் சாசனத்திற் பெருமையுடன் கூறுகின்றான். திருகோணமலைக் கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் இரு கயல்களின் புடைப்பு அச்செய்திக்கு ஒத்திசைகின்றது. பாழடைந்த துறையில் வெற்றிச்சின்னம் பொறிக்க எந்த அரசனும் விரும்பான். பொலன்னறுவைகூட ஒரே அடியில் இறந்துவிடவில்லை. இரண்டாம் பராக்கிரமபாகு காலத்தில் அது திருத்தப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் பராக்கிரமபாகு அங்கிருந்தே ஆண்டான்.

இத்துறைமுகங்களின் உலகு எத்துணைப் பரந்ததென்பதற்குச் சீனத்துச் சுவான்சௌ நகரின் தமிழ்ச் சாசனம் சான்றாகும். சக வருடம் 1203இல், கி.பி. 1281இல், சம்பந்தப்பெருமாள் என்பவர் அங்கு சிவனுக்குக் கோயில் எடுப்பித்தார். சாசனம் குறிப்பிடும் கான், மொங்கோலியப் பேரரசன் குப்லாய் எனவே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. அவனது ஆணையின்படி, அவனது நலன் வேண்டியே அக்கோயில் எழுந்தது. அதே கான் புத்தரின் சின்னங்களைப் பெற 1284இல் இலங்கைக்குத் தூதனுப்பியதாக மார்க்கோ போலோ எழுதினார். பக்தாத்தின் கல்விக்கூடங்களை எரித்த மரபின் வாரிசு, தமிழ் வணிகரின் சிவன் கோயிலுக்கு அனுமதி அளிக்கிறான். இது முரண்பாடன்று. வாணிக உபரியைச் சார்ந்திருக்கும் ஆட்சி, அவ்வுபரியைத் தரும் கூட்டத்தைப் பேணும். உள்நாட்டு நெல்லை நம்பிய பழைய அரசுகள் தளர, கடல் வாணிகத்தை நம்பிய புதிய அமைப்புகள் எழுந்தன. இராசரட்டையின் வீழ்ச்சி என நாம் அழைப்பதன் ஒரு பகுதி, செல்வத்தின் ஊற்று வயலிலிருந்து துறைக்கு மாறிய செயல்முறையே எனலாம்.

4. உண்மையான அழிவு எவ்வாறு காட்சியளிக்கும்?

திருகோணமலையில் ஒரு கோயில் வேண்டுமென்றே, முற்றாக அழிக்கப்பட்டமைக்கு ஐயத்துக்கிடமற்ற சான்று உண்டு. அது மாகனின் செயலன்று. 1620களின் முற்பகுதியிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய அக்கோட்டை, 1803இற் பிரட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்றது.

இவ்வழிவை நாம் அறிவது ஏடுகளால் மட்டுமன்று. சாசனக் கற்கள் கோட்டை வாயிலிலும் கட்டடங்களிலும் இடம்மாறிக் கிடந்தன. 1950இற் கிணறு தோண்டியபோது, புதைத்து வைக்கப்பட்டிருந்த சோமாஸ்கந்தர், சந்திரசேகரர் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையின் அடியிற் கடலுக்குள் செதுக்கிய தூண்களையும் கட்டடச் சிதைவுகளையும் கண்டனர். கோயிலை இழந்த மக்கள் தம்பலகாமத்தில் ஆதி கோணநாயகர் கோயிலை அமைத்து வழிபாட்டைத் தொடர்ந்தனர். இடம்மாறிய கல், புதைக்கப்பட்ட திருமேனி, கடலடிச் சிதைவு, இடம்பெயர்ந்த வழிபாடு: நான்கு தனித்தனிச் சான்றுகள் ஒரே முடிவை நோக்கி நிற்கின்றன. றியாசானின் எரிந்த மண்படைக்கு ஒப்பான உறுதி இங்குண்டு.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு மாகன் காலத்தை நோக்குவோர், அவன் அழித்ததாகக் கூறப்படும் ஒவ்வோர் இடத்திலும் இத்தகைய சான்றைக் காட்டுதல் வேண்டும். எரிந்த படை எங்கே? எக்காலத்தது? அணை வெட்டப்பட்டதா, அன்றிக் கவனிப்பாரின்றி உடைந்ததா? சான்று கிடைக்குமிடத்து அதனை ஏற்பதே ஆய்வு நேர்மை. கிடைக்காதவிடத்துச் சூளவம்சத்தின் ஒரு செய்யுளைக் கல்லாக மாற்றுதல் ஆய்வாகாது.

அணை உடைவு பற்றி எமது காலமே கசப்பான பாடம் ஒன்றைத் தந்துள்ளது. 1986 ஏப்ரில் 20ஆம் நாள் அதிகாலையிற் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் அள்ளுண்டன. ஏழாம் நூற்றாண்டு வரை தன் தோற்றத்தைக் கொண்டுசெல்லும் அக்குளம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயராற் திருத்தப்பட்டிருந்தது. அக்கட்டை எந்தப் படையெடுப்பாளனும் வெட்டவில்லை. நாட்டில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த ஆண்டு அது. எண்ணூறு ஆண்டுகள் கழித்து அவ்வெள்ளம் விட்டுச்சென்ற மணற்படையைக் காணும் ஓர் அகழ்வாளன், போர் பற்றிய ஏட்டை மட்டும் அருகில் வைத்திருப்பின் என்ன எழுதுவான்? பகைவர் அணையை உடைத்தனர் என்றே எழுதுவான். குளம் வாழ்வது ஆண்டுதோறும் அதன் கட்டைப் பேணும் உழைப்பால். அவ்வுழைப்பை ஒழுங்குபடுத்தும் நிறுவனம் தளரும்போது குளமும் தளரும். படையெடுப்பு அத்தளர்ச்சியை விரைவுபடுத்தலாம்; ஆனால் அதனைத் தனித்து விளக்காது.

5. இரு தரப்பின் கட்டுக்கதைகள்

மாகனைக் கொடுங்கோலனாக மட்டும் காணும் சிங்களப் பேரினவாத வரலாற்றெழுத்தின் நோக்கம் தெளிவானது. வடக்கு கிழக்கின் ஒவ்வொரு பௌத்தச் சிதைவும் சிங்களவரிடமிருந்து தமிழராற் பறிக்கப்பட்ட நிலமென அது வாதிடும். தமிழ்ப் பௌத்தர் என்றொரு மக்கட் பிரிவினர் இருந்தமையை வெல்கம் விகாரையின் சாசனங்கள் உரத்துக் கூறினும், அவ்வாதம் செவிமடுப்பதில்லை. 2020 யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென நியமிக்கப்பட்ட சனாதிபதி செயலணிக்குப் பாதுகாப்புச் செயலாளரே தலைமை தாங்கினார். நியமனத்தின்போது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. அகழ்வுக்குழியும் காவலரணும் ஒரே கையில் வந்தபோது, மண்படை சாட்சியாக இராமல் ஆவணமில்லாக் காணியுறுதியாக மாற்றப்படும் அபாயத்தைக் கிழக்கின் உழவர் நேரிற் கண்டனர்.

எனினும், எமது தரப்பின் எழுத்தும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. சூளவம்சத்தின் கொடியோனைத் தலைகீழாகப் புரட்டி, மாகனைச் சைவங்காத்த வீரனாகப் போற்றும் போக்கு தமிழில் உண்டு. கோணேசர் கல்வெட்டும் மட்டக்களப்பு மான்மியமும் பிற்காலச் சமூக ஒழுங்குகளை நியாயப்படுத்த எழுந்த நூல்களாகும். கோயிற் றொழும்புகளும் சாதிக் கடமைகளும் அவற்றில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றை 13ஆம் நூற்றாண்டின் நேர்ச்சாட்சியங்களாகக் கொள்வதும், சூளவம்சத்தை அவ்வாறு கொள்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். ஒருவர் கொள்ளையன் என்பதை மற்றவர் மீட்பன் என்கின்றார். வரலாற்றைப் படைப்பவன் வாளேந்திய ஒருவனே என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். குளக்கட்டில் மண் சுமந்தவர், துறையிற் பொதி இறக்கியவர், உளியெடுத்துச் சாசனம் பொறித்தவர் இருவர் கண்ணிலும் படுவதில்லை. ஜுவைனியின் எழுத்திலேனும் சமர்க்கந்திலிருந்து 30,000 கைவினைஞர் பிரித்தெடுக்கப்பட்டமை பதிவாகியுள்ளது. எமது ஏடுகள் அந்தளவுகூடத் தொழிலாளரை நினைவுகூரவில்லை.

6. செய்யவேண்டுவன

இந்நிலையில் திருகோணமலைப் பகுதியின் தொல்பொருளியல் நோக்க வேண்டிய திசை தெளிவாகின்றது. முதலாவது, கந்தளாய், தம்பலகாமம், கொட்டியாரம், பெரியகுளம் ஆகியவற்றைச் சூழவுள்ள சிற்றூர்களின் முறையான மேற்பரப்பாய்வு. நினைவுச் சின்னங்கள் மன்னரின் கதையைச் சொல்லும். ஓடுகளே குடிகளின் கதையைச் சொல்லும். எந்த ஊர் எந்நூற்றாண்டிற் கைவிடப்பட்டது என்பது தெரிந்த பின்னரே 1215 ஒரு திருப்புமுனையா என்பதைக் கூறமுடியும். இரண்டாவது, குளங்களின் வண்டற் படைகளைக் காலங்கணித்தல். மூன்றாவது, துறைமுகத்தில் இறக்குமதி மட்பாண்டங்களின் வரிசையை நிறுவுதல். அல்லைப்பிட்டியில் 1977இல் நடைபெற்ற அகழ்வில் வெளிப்பட்ட வட சொங் காலச் சீன மட்பாண்டங்கள், ஒரு துறையின் வாணிகத்தை எத்துணை நுட்பமாகக் கணிக்கலாம் என்பதைக் காட்டின. நான்காவது, அகழ்வு அறிக்கைகள் யாவும் தமிழிலும் சிங்களத்திலும் காலந்தாழ்த்தாது வெளியிடப்படல் வேண்டும். தம் வயலுக்கடியில் கண்டெடுக்கப்பட்டவை எவையென்பதை அவ்வயலின் உழவர் தம் மொழியில் வாசிக்கும் உரிமை அடிப்படையானது.

மொங்கோலியர் கால நகரங்களின் ஆய்வு படையெடுப்பாளரின் குற்றத்தைக் குறைக்கவில்லை. அதனைச் சரியாக அளந்தது. றியாசானின் புதைகுழி மறுக்கப்படவில்லை. நஹ்ரவானின் வண்டலும் மறைக்கப்படவில்லை. இரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுத அவ்வாய்வாளரால் இயன்றது. திருகோணமலையில் எமக்கும் அதுவே வேண்டும். சுவாமி மலையின் அடியிற் கிடக்கும் தூண்கள் இடிப்புக்குச் சான்று. பாலமோட்டையின் கல் தொடர்ச்சிக்குச் சான்று. வெல்கம் விகாரை கலப்புக்குச் சான்று. இம்மூன்றில் ஒன்றை மட்டும் ஏந்தி மற்றையவற்றை மறைப்பவன், எந்த மொழியில் எழுதினாலும், இப்பகுதியின் வரலாற்றை எழுதியவனாகான்.